அடிப்பிடிக்க விட்ட பால்

முப்பத்தோராண்டு அவருடைய ரசீதுகளில்
கையொப்பமிட்டவன் நான்.
வகுப்புக்குள் ஒருநாளும் போனதில்லை.
ஐலா ரைசானென், விரிவுரையாளர்,
மனையியல் ஆசிரியர் பயிற்சித் துறை,
சவொன்லின்னா.
எனக்கு அவர் ஒரு கையெழுத்து:
சாய்வில்லாதது,
ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுவது.

ரை மாவு நாற்பது கிலோ.
ஈஸ்ட். குழாய்க்கு வாஷர்.
சட்டைப் பொத்தான் நானூறு, நான்கு துளை உள்ளது மட்டும்.
ஒரு செப்டம்பரில்
"ஏப்ரன் ஆறு, தோள் அகலமானது":
ஆண்கள் சேரத் தொடங்கியதை
கணக்குப் புத்தகம்தான் எனக்குச் சொன்னது.

பிறகொரு பிப்ரவரியில் அந்தச் சீட்டு.
பால், பன்னிரண்டு லிட்டர்.
நோக்கம்: அடிப்பிடிக்க விடுவதற்கு.

சிவப்பு மையில் திருப்பி அனுப்பினேன்,
வீண்செலவில் சேர்க்கவா என்று.
மாலைக்குள் பதில் வந்தது.

"வீணல்ல. பாடப்பொருள்.
பதின்மூன்று வயதுப் பிள்ளை அடுப்பின்முன் நிற்கும்.
பால் அடிப்பிடிக்கும்.
பின்னால் நிற்கிற ஆசிரியரின் கை
தானாகவே கரண்டிக்கு நீளும்.
அந்தக் கையை மடக்கிவைக்க
என் மாணவர்களுக்கு ஓர் ஆண்டு ஆகிறது.
சிலருக்கு இரண்டு.
எனக்குப் பதினொன்று."

பாடப்பொருள் என்றே பதிந்தேன். வேறென்ன செய்ய.
அதன்பின் பிப்ரவரிதோறும் பன்னிரண்டு லிட்டர்;
மார்க்கா போய் யூரோ வந்தபோதும்
பன்னிரண்டு லிட்டர்.
தணிக்கையாளர் புருவம் தூக்கும் முன்பே
அந்தக் கடிதத்தின் நகலை நீட்டிவிடுவேன்.

பேராசிரியர் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்தார்.
தபால்தலை என் கணக்கில்.
மூன்றாம் முறை குழு எழுதிய காரணம்:
ஆய்வுப்பொருள் மிக அன்றாடமானது.
அந்த வாரம் அவர் கேட்டது ஒரே ஒரு நாற்காலி,
வகுப்பின் கடைசியில் போட. கிறீச்சிடக் கூடாது.
கடையில் எட்டு நாற்காலிகளில்
உட்கார்ந்து எழுந்து பார்த்தேன்.
ஏன் நானே போனேன் என்பதற்கு
எங்கள் பேரேட்டில் தலைப்பு இல்லை.

கடைசியில் துறையையே வேறு ஊருக்கு மாற்றினார்கள்.
அடுப்புகள் ஏலம் போயின.
நாற்காலியை யாரும் கேட்கவில்லை.
ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்திட வந்தவர்
பேசியது முழுக்க
பூட்ஸுக்குள் இறங்கும் பனிநீர் பற்றி.

ஒன்றை விட்டுவிட்டேன்.
தொண்ணூற்றாறோ ஏழோ, ஒரு சனிக்கிழமை,
என் மகன் ஆர்த்து, அப்போது பதின்மூன்று,
பள்ளியில் செய்தோம் என்று
வெள்ளைச் சாஸ் கிளறிக்கொண்டிருந்தான்.
சட்டியின் வாசம் மாறியது.
கரண்டி எனக்கு எட்டும் தூரம்.
இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன்,
சாவிக்கொத்து உள்ளங்கையில் குத்தும்வரை.

முகர்ந்தான். சட்டியை நகர்த்தினான்.
அடியைச் சுரண்டாமல்
மேலாக வேறு சட்டியில் ஊற்றினான்.
"சுரண்டாதேன்னு யார் சொன்னது?"
"யாரும் சொல்லல.
டீச்சர் சும்மா நின்னுக்கிட்டிருந்தாங்க."

லேசாகப் புகை வாசம்.
உருளைக்கிழங்கின்மேல் ஊற்றித் தின்றோம்.