விளிம்பில் கறுப்பு மை

மெழுகில் உறைந்த சதையை
நாலு மைக்ரான் கனத்தில் சீவுவது என் வேலை.
ஓல்ட் ஏர்போர்ட் ரோடு, படை மருத்துவமனை.
போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் எழும்பினால்
கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.
ஜன்னல் அதிரும். சீவல் சுருண்டுகொள்ளும்.

ஆய்வுக் கோப்பில் பெயர் கூடாது என்று
மேஜர் பிஷ்ட் முதல் நாளே சொல்லிவிட்டார்.
ஆகவே எனக்கு ஆட்கள் தெரியாது.
நாற்பத்தொன்று தெரியும்:
பெருங்குடல், இடது பக்கம், மூன்று சென்டிமீட்டர்.

ஒரு வியாழக்கிழமை
நாற்பத்தொன்று கதவைத் தட்டிக்கொண்டு வந்தது.
"என் துண்டு இங்கதான் இருக்காமே. பாக்கலாமா தம்பி?"

விதியில் இடமில்லை.
ஆனால் தமிழில் கேட்டுவிட்டார்.

ஹவில்தார் இருதயராஜ், மெட்ராஸ் சாப்பர்.
பட்டாளத்தில் அவர்களுக்கே தம்பி என்றுதான் பெயர்;
இருபத்திரண்டு வருடம் தம்பியாக இருந்தவர்
என்னைத் தம்பி என்றார்.
வடக்கே, ஊர் சொல்லாத ஒரு சரிவில்,
கண்ணிவெடி தேடினவர்.
"பனியில வெறுங்கையால குச்சி போட்டு நோண்டுனவன்.
இந்த மருந்து ஏறினதுலேர்ந்து
பிரிட்ஜ் கதவைத் தொட்டா ஷாக் அடிக்குது."

புது மருந்தும் சேர்ந்து ஏறுகிறதா, வெறும் பழசா,
கணினி குலுக்கிப் போட்டது.
அவருக்குத் தெரியாது, எனக்கும், மேஜருக்கும்.
கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்று கேட்டாராம்:
"இந்த நாளெல்லாம் மெடிக்கல் லீவா, என் சொந்த லீவா?"

மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.
ரோஜா. ஊதா.
எது அது என்று கேட்பார் என நினைத்தேன்.
"இந்தக் கறுப்புக் கோடு?"

வெட்டின ஓரம். மை தடவுவோம்.
நோய் மையைத் தொடாமல் நின்றிருந்தால்
விளிம்பு சுத்தம் என்று எழுதுவார்கள்.

வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"நாங்க சுத்தம்னு எழுத மாட்டோம்.
போன வழிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம்.
நாடாவுக்குள்ள நடன்னு சொல்லுவோம்.
அவ்வளவுதான் சொல்ல முடியும், இல்லையா."

நான் ஸ்லைடைத் துடைத்தேன்.
துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

வராந்தாவில் அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள்.
எனக்கு முன்பே யாரோ
சுவரோரமாய் நடந்து போன செருப்புத் தடம்
ஈரத்தில் கிடந்தது.
இருதயராஜ் ஒரு நொடி நின்று பார்த்தார்.
பிறகு
அந்தத் தடத்தின் மேலேயே கால் வைத்து
ஒவ்வொன்றாக
லிப்ட் வரைக்கும் போனார்.