தலைப்பு

மாத்திரைக் கம்பெனி வழக்கில் தோற்கவில்லை,
ஜெயிக்கவும் இல்லை. சமரசம்.
தப்பு செய்தோம் என்று ஓரிடத்திலும் வராமல்
நாற்பது பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப்
பணத்தைக் கட்டிவிட்டுப் போனது.
எங்கள் மண்டலத்தின் பங்கு
மூன்று கோடியே பதினெட்டு லட்சம்.
பில் போடுகிறவன் நான்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
அன்றைக்கும் இருபது நிமிஷம் லேட்.

சூப்பிரண்டெண்ட் கேட்டார்:
"எந்தத் தலைப்புல வைக்கிறது?"

குடிநீருக்குத் தலைப்பு உண்டு. தெருவிளக்குக்கு உண்டு.
கொசுவுக்கு, நாய்க்கு, செத்த நாய்க்குத் தனியாக.
கால்வாய் ஓரம் மத்தியானம் மூன்று மணிக்கு
வாய் பிளந்து சரிந்து கிடக்கிற
பத்தொன்பது வயசுக்கு இல்லை.
'இதர செலவு' என்று எழுதினேன்.
பென்சிலில்.

பேரணிக்கு ஆயிரத்து இருநூறு பிள்ளைகள்,
ஆளுக்கொரு மோர் பாக்கெட்.
டி-ஷர்ட் ஒன்று இருநூற்றுப் பன்னிரண்டு, வரி தனி.
மெயின் ரோட்டில் ஒரு வளைவு,
ராத்திரியில் அதன் விளக்கு
பச்சையாகி, நீலமாகி, பாதி அணைந்து எரியும்.
கால்வாய்க் கரையில் மதில்,
மேலே கண்ணாடிச் சில்லு.
பையன்கள் எதிர்க்கரைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.
எதிர்க்கரை வேறு வார்டு.
'எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துள்ளது.'
அந்த வரியை டைப் அடித்ததும் நான்தான்.
'கணிசமாக' என்பது நானே சேர்த்தது.

குப்பை அள்ளும் நாகரத்தினம்
விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள்.
பிளாஸ்டிக் கவருக்குள் ஊசி இருந்திருக்கிறது.
கையுறை சுகாதாரத் தலைப்பு, சார்.
சுகாதாரத்தில் இந்த வருஷம் காலி.

ஒரு சாயங்காலம் கேட்டருகே
சரக்கு ரயில் முடியவே மாட்டேன் என்றது.
கம்பத்தில் சாய்ந்து ஒருத்தன்,
கண் திறந்தும் பார்வை இல்லை.
எங்கள் டி-ஷர்ட்.
எனக்கு முதலில் தோன்றியது, சொல்லிவிடுகிறேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு.
அப்புறம்தான் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன்.
விட்டான்.
கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

கெஜலட்சுமி செவ்வாய்க்கிழமைகளில் வருவாள்.
மகன் தேசப்பன் கன்டெய்னர் யார்டில் லோடு தூக்கியவன்.
முதுகு விட்டுப்போகிறது என்றானாம்.
கூட வேலை செய்தவன் ஒரு அட்டை கொடுத்தானாம்.
அதன் பேரே வலி மாத்திரைதானே.
வலி இருந்ததா என்று கேட்க
எங்கள் படிவம் எதிலும் இடமில்லை.

மனுவில் அவள் கேட்டது பத்துக் கட்டில், ஒரு டாக்டர்,
ராத்திரியில் பூட்டாத ஒரு கதவு.
அவனுக்காக இல்லை.
அவன் மாசியிலேயே மூலக்கொத்தளம் போய்ச் சேர்ந்துவிட்டான்.
"பக்கத்து வூட்டுப் புள்ளைங்க ரெண்டு இருக்குதுய்யா."

மார்ச் இருபத்தொன்பது அன்றும் வந்தாள்.
நாற்பத்தோரு லட்சம் செலவாகாமல் கிடக்க,
இரண்டு நாளில் முடிக்க வேண்டுமென்று
இன்னொரு வளைவுக்குக் கொட்டேஷன் தேடிக்கொண்டிருந்தேன்.
மேஜை முன்னால் நின்றபடியே
சேலைத் தலைப்பை அவிழ்த்தாள்.
வியர்வையில் ஊறிய சீட்டுகள்:
ஸ்டான்லிக்கு ஆட்டோ, மூணு தடவை.
வெளியில் வாங்கின டிரிப்.
அடகுக்கடை ரசீது, ஒரு ஜோடிக் கம்மல்.
கடைசியாகப் பூமாலை, மூணு முழம்.
"பதினோராயிரத்து நானூத்தி முப்பது.
கம்பெனி துட்டு வந்துச்சாமே, எழுதிக்க."

"தலைப்பு இல்லம்மா" என்றேன்.

என்னைப் பார்த்தாள்.
கையில் பிடித்திருந்ததைப் பார்த்தாள்.
சீட்டுகளை அடுக்கி, சுருட்டி,
அதே முனையில் வைத்து
பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினாள்.
படியிறங்கும்போது செருப்புச் சத்தம்கூட இல்லை,
வெறுங்கால்.

கொட்டேஷன் நாலு மணிக்கு வந்தது.
இந்த வளைவு கொஞ்சம் பெரிசு.