காலணி அளவு

பிரேமர்ஹாஃபன், உலர்துறை, மார்ச் மாதம்.
வேசர் ஆற்றுக் காற்றுக்கு ஊசி வேண்டாம்,
அதுவே தைக்கும்.

ஏ. மோத்தா என்று கையெழுத்திடுவேன்.
மூன்று மாதம் கடிதங்களில் நான் ஹெர் மோத்தா.
மதிப்புக்குரிய ஐயா.
சுக்கான் தண்டின் தேய்மானம் பற்றிக் கேட்டால்
உடனுக்குடன் பதில்.
நேரில் போய் நின்ற காலையில்
மேஸ்திரி ஹின்ரிக்ஸ் என் தோளுக்கு மேலே பார்த்தார்,
ஐயா பின்னால் வருகிறாரா என்று.

வரவில்லை.

சாமான் அறையில் இருந்த பாதுகாப்புக் காலணிகளில்
ஆகச் சிறியது நாற்பது.
என் கால் முப்பத்தாறு.
இரண்டு காலுறை, கொஞ்சம் செய்தித்தாள்.
அப்படித்தான் இறங்கினேன் அடித்தள நீர்த்தொட்டிக்குள்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
விலாச்சட்டம் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி.
பதினேழாவதில் ஓசை மாறியது.
'அது ஒன்றுமில்லை' என்றார் ஹின்ரிக்ஸ்.
'வெட்டுங்கள்.'
வெட்டினார்கள். தகடு அப்பளமாய் நொறுங்கியது.
அவர் எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் ஏணி மட்டும்
என் உயரத்துக்குத் தோதாகச் சாய்ந்திருந்தது.

கப்பலின் பெயர் ஃப்ரீடரீக்க.
முதலாளியின் அத்தை பெயராம்.
இருபதாயிரம் டன் எஃகுக்குப் பெண் பெயர் வைக்க
யாருக்கும் கை கூசவில்லை.
எங்கள் கடற்கரையில்
தண்டையல் என்ற சொல்லுக்குப் பெண்பாலே கிடையாது.
இங்கே இன்ஸ்பெக்டோர் என்பதற்கு
'இன்' என்றொரு வால் ஒட்டித் தருகிறார்கள்.
வாலைப் பிடித்தே ஏறினேன்.
இன்று பதினொரு கப்பல்களுக்கு மேலாளர்.

இதுவரை சொன்னதை விருந்துகளில் சொல்வதுண்டு.
சிரிப்பார்கள்.
சொல்லாதது ஒன்று இருக்கிறது.

சென்ற வியாழன், ஹாம்பர்க், ஆறாம் மாடி.
நேர்காணல் நாற்காலியில் வீப்கே.
எட்டு வருடக் கடல், தலைமைப் பொறியாளர் சான்றிதழ்,
புறங்கையில் பழைய நீராவிச் சூடு.
எல்லாம் கேட்டு முடித்த பிறகு
என் வாய் கேட்டது:
'குழந்தைகள் சின்னவர்களோ?
நடுராத்திரியில் ராட்டர்டாம் போகச் சொன்னால்?'

பதினான்கு வருடம் முன்பு
இதே மேசையில் என்னிடம் இதைக் கேட்டவர்
ஓய்வுபெற்று ரோஜா வளர்க்கிறார்.
கேள்வியை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்
இழுப்பறையில், என் பேனாக்களுக்கு நடுவே.

வீப்கே என்னைப் பார்த்தாள்,
தோளுக்கு மேலே அல்ல, நேராக.
'இதற்கு முன் வந்தவரிடமும் கேட்டீர்களா?'

முன் வந்தவர் யோர்ன். மூன்று பிள்ளைகள்.
அவரே படம் காட்டினார்,
அழகாயிருக்கிறார்கள் என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே எல்பே.
ஓதம் ஏறவும் இல்லை, வடியவும் இல்லை.
ஓர் இழுவைப்படகு சும்மா நின்று புகைத்துக்கொண்டிருந்தது.

'கேட்கவில்லை' என்றேன்.

அவள் போன பின் படிவத்தைப் புரட்டினேன்.
கடைசிப் பத்தியில் காலணி அளவு கேட்டிருந்தோம்.
முப்பத்தெட்டு என்று எழுதி
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
என்னுடையதை நானே கொண்டு வருவேன்.