ஒரு கோடியே அறுபது லட்சம் நிறங்கள்

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
தள்ளுபடியில் வாங்கிய விளக்கு
அவித்த முட்டையை நிமிர்த்தி வைத்ததுபோல்
கட்டிலருகே நிற்கிறது.
பெட்டியில் எழுதியிருந்தது:
ஒரு கோடியே அறுபது லட்சம் நிறங்கள்,
முந்நூற்றறுபது பாகையிலும் ஒலி,
மனநிலைக்கு ஏற்ற வெளிச்சம்.

யாருடைய மனநிலை என்று எழுதவில்லை.
செயலி இருப்பது ஜெபசிங்கின் போனில்.
ஜெபசிங் இருப்பது பதினேழாம் நெடுஞ்சாலையில்,
பதினெட்டுச் சக்கரங்களுக்கு மேலே,
முதுகுக்குப் பின்னால்
இருபது டன் உறைந்த உருளைக்கிழங்கு.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது.
கெனோரா தாண்டினால் மஞ்சள்.
டிரைடனில் டீசல் போட்டால் பச்சை.
தண்டர் பேயில் கண்ணயர்ந்தால்
மெல்ல ஒரு நீலம், கூடவே மழைச் சத்தம்.
பல் துலக்கிக்கொண்டே
சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்
புருஷன் எந்த ஊரில் என்று.

பிறகு அந்த மூவாயிரம் டாலர் பேச்சு வந்தது.
என் தம்பிக்கு நான் கொடுத்தது,
அவனிடம் கேட்காமல் கொடுத்தது.
கேட்டால் தந்திருக்க மாட்டேனா என்றான்.
கேட்க வைப்பாயே என்றேன்.
போனை வைத்தது அவனா நானா
இன்னும் முடிவாகவில்லை.

முதல் இரவு விளக்கு எரியவில்லை.
இரண்டாம் இரவு, இரண்டு பத்துக்கு,
திடீரென்று சிவப்பு.
ஒரு நிமிடம் இருந்து போயிற்று.
எழுந்து உட்கார்ந்தேன்.
கோபமா, முன்னால் போன வண்டியின் பிரேக்கா,
உறக்கத்தில் தவறிப் பட்ட விரலா?
பெயர்தான் விளக்கு, ஆகவே
விளக்கு, என்றேன்.
மன்னிக்கவும், புரியவில்லை என்றது,
ஆங்கிலத்தில்,
பல் மருத்துவமனை வரவேற்பறைக் குரலில்.
இந்த வீட்டில் முதலில் மன்னிப்புக் கேட்டது
அதுதான்.

மூன்றாம் நாள் நானும் செயலியை இறக்கினேன்.
சூரிய அஸ்தமனம் இருந்தது.
தியானம் இருந்தது. வெப்பமண்டலம் இருந்தது.
துருவ ஒளி இருந்தது, நாலு டாலர் கூடுதல்.
ஊடல் என்று ஒன்றும் இல்லை.
கடைசி வரை உருட்டிப் பார்த்துவிட்டேன்.

சரி, வெள்ளை வைத்தேன்.
ஆஸ்பத்திரி வெள்ளை.
ஆறு நொடியில் அது பழுப்பானது.
மறுபடி வெள்ளை.
மறுபடி பழுப்பு.
எதிர் அடுக்ககத்தில் யாரோ
திரைவிலக்கிப் பார்த்தார்கள்,
விருந்து என்று நினைத்திருக்கலாம்.
வெள்ளை. பழுப்பு. வெள்ளை.
வண்டி ஓட்டுகிறவனுக்கு
இவ்வளவு விரல் ஓய்வு இருக்காதே.
பார்த்தேன்: வாவாவில் பனிப்புயல்,
இரவு எட்டிலிருந்து சாலை மூடல்.
அவனும் உறங்கவில்லை.

நான் விரலை எடுத்தேன்.
பழுப்பு அப்படியே நின்றது,
ஆறிய தேநீர் நிறத்தில்.

கொஞ்ச நேரம் கழித்து விளக்கு கரகரத்தது.
ஹீட்டர் இரைச்சல். ஒரு இருமல்.
அங்க மணி ஒண்ணா?
ஒன்று.
இங்க ரெண்டு.
அதற்கு மேல் இருவருக்கும்
நேரத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

நாங்கள் சாவகச்சேரியில் விளக்கை நூர்ப்போம்.
அவன் ஊர் நாசரேத்தில் அணைப்பார்கள்.
கல்யாணமான புதிதில்
பக்கத்தில் படுத்துக்கொண்டு அவன் அதைக் கேட்டபோது
எதை என்று கேட்டுச் சிரித்தவள் நான்.

நேரமாச்சு, என்றான்.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
அணைக்கட்டுமா?

பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை.
முந்நூற்றறுபது பாகையிலிருந்தும் வந்தது.

நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.
தம்பி ஐந்நூறு அனுப்பிவிட்டான், என்றேன்.

ம், என்றது விளக்கு.