சிவப்புக் கெண்டி

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
ரோஸ்னாவின் வேன் சரிவில் ஏறும்போதே கேட்டுவிட்டது,
டப் டப் டப்,
ஊசி முறிந்தும் ஓடுகிற தையல் மெஷின் மாதிரி.

"காலையில் ஒன்றுமே இல்லை, தவசீலன்.
பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
பிடோக் நார்த் சிக்னலில் நின்றால்
வெளியே ஒரு சிவப்பு, உள்ளே ஒரு சிவப்பு.
மிதித்தால் அணைந்துவிடும்.
பின் சீட்டுப் பையன் கத்துகிறான்,
ஆண்ட்டி, கெண்டி கொதிக்குது!"

கெண்டிதான். மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
அளவுகோலை உருவித் துடைத்து,
மறுபடி விட்டு எடுத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது எண்ணெய்.
குளம் நிறைய இருக்கிறது,
வயலுக்குத்தான் போகவில்லை.

பாதி வண்டிகளில் பொய் சொல்வது சுவிட்ச்.
இருபத்திரண்டு வெள்ளி. திங்கட்கிழமை மாற்றினேன்.
புதன்கிழமை திரும்பி வந்தாள்.

சுவிட்ச் இருந்த துளையில்
முள் உள்ள மானியைத் திருகி
இன்ஜினை ஓடவிட்டேன்.
ஐம்பத்தைந்து. நல்ல இன்ஜின்தான்.
சூடாகட்டும் என்று நின்றோம்.
அவள் கீழே போய்
எனக்கும் சேர்த்து கோப்பி சி கொசோங் வாங்கி வந்தாள்.
ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுழன்று நின்றது.
முப்பது.
பதினெட்டு.
ஒன்பது.
நான்கு.
மிதி என்றேன். பதினான்குக்கு ஏறி,
அங்கேயே நடுங்கியது முள்.

பேரிங் தேய்ந்திருந்தால் இன்ஜினை இறக்க வேண்டும்.
சிஓஇ முடியப் பதினான்கு மாதம்.
அந்தக் கணக்கை
இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
கோப்பியைக் குடித்தோம்.

எண்ணெயை வடித்து, இரண்டு விரலில் தேய்த்து,
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பொன்துகள் அரிப்பவனைப் போல,
ஒன்றுகூட மின்னிவிடக் கூடாதே என்று.
மின்னவில்லை.

பிறகு அடித்தொட்டி. பதினாறு போல்ட்.
உறிஞ்சு குழாயின் வாயில், வலை முழுக்க
ஆரஞ்சுப் புழுக்கள்.
புழு இல்லை, சிலிக்கான்.
விளிம்பில் அளவுக்கு மீறித் தடவியது
உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, அறுந்து விழுந்திருக்கிறது.
இன்ஜின் நின்றால் தொட்டிக்குள் அமிழும்,
ஓட ஓட மறுபடி வந்து வலையை அடைக்கும்.
காலையில் ஒன்றுமில்லாதது அதனால்தான்.

யாரோ தடவியது என்று சொல்லியிருக்கலாம்.

மூன்று வருஷம் முன்பு, தீபாவளிக்கு முந்தின நாள்,
இதே தொட்டி, சின்ன ஒழுக்கு.
தேக்காவுக்குப் போக வேண்டும், மணி ஐந்து.
மலிவாகக் கிடைத்தது என்று அந்த வருஷம் மட்டும்
ஒரு பெட்டி ஆரஞ்சு டியூப் வாங்கிப் போட்டிருந்தேன்.
இந்த மாடியில் வேறு யாரிடமும் ஆரஞ்சு இருந்ததில்லை.
விளிம்பில் இன்னும் ஒட்டிக்கிடந்த துண்டில்
என் கட்டைவிரலின் அகலம்.

வலையை மண்ணெண்ணெயில் கழுவினேன்.
பழைய பசையைச் சுரண்டினேன், இரண்டு பக்கமும்,
நகக்கண் வலிக்கிற வரை.
புதியது சாம்பல் நிறம்,
நூல் பிடித்தாற்போல் மெல்லிய ஒரே கோடு.
போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி
காய்வதற்கு முழுதாக ஒரு மணி நேரம் விட்டேன்,
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோதும்.
புது ஃபில்டர், புது எண்ணெய்.

சூட்டில், நின்ற வேகத்தில், இருபத்தொன்று.
முள் அசையவில்லை.

கோப்பிக் குவளை மூடியில் புழுக்களை அடுக்கி
அவளிடம் நீட்டினேன்.
"இது நான் செய்தது."
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"கூலி?"
வேண்டாம்.
"எண்ணெய்?"
அதுவும்.
"சுவிட்ச்?"

கல்லாவைத் திறந்து
இருபத்திரண்டு வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.
மூடியை வாங்கி, டிஷ்யூவில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டாள்.
பையனிடம் காட்டவாம்.
கெண்டிக்குள் இருந்ததாம்.

சரிவில் இறங்கும்போது காது கொடுத்து நின்றேன்.
இரண்டாம் மாடி வரை சுத்தம்.
அதற்குள் பெயின்ட் பட்டறைக்காரன்
கம்ப்ரசரைப் போட்டுவிட்டான்.