மூன்றாம் பூச்சு

ஸ்ரான்லி வீதியில் அந்த மதிலுக்கு
வெள்ளை அடிக்கச் சொன்னார்கள்.
இரண்டு வாளி, ஒரு தும்புத் தூரிகை,
நாட்சம்பளம், பின்னேரம் கையில்.

போன தேர்தலுக்கு முன்னம் அதிலே
தாமரைக்குளம் ஒன்று கீறியிருந்தார்கள்,
நகரை அழகுபடுத்தவாம்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
உண்மைக் குளமே இருந்தது.
எனக்குத் தெரியும்.
மண் பறிச்ச லான்ட்மாஸ்ரர் பெட்டியில்
மண்வெட்டியோடு போனவன் நான்.
இப்போது அங்கே மூன்று மாடி.

புயல் போன மூன்றாம் நாள்
யாரோ இரவோடிரவாக வந்து
தாமரைகளை அப்படியே விட்டுவிட்டுக்
குளத்தை மட்டும் எழுப்பி
நடக்க வைத்திருந்தான்.

தண்ணீர் வரிசையில் நிற்கிறது.
சாரம் கட்டிய தண்ணீர்.
முன்னால் தறப்பாளுக்கு வந்த சனம்,
பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி,
நடுவில் அது,
பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதியை
நெஞ்சோடு அணைத்தபடி.
மேசைக்கு மேலே கதிரை, கதிரைக்கு மேலே
கால் நனையாத ஒருவர்.
"நிரந்தர முகவரி?"
"நீங்கள் இருக்கிற இடம்தான், ஐயா."

அவ்வளவுதான் எழுத்து.
கட்சி இல்லை, பேர் இல்லை.
ரியூசன் பெடியள் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்கள்.
மீன்பெட்டிக்காரர் ஒருவர் சிரிக்கவில்லை.
ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்,
உறுதியின் இலக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
முட்கம்பிக்கு உள்ளே
அவருக்கும் ஒன்று கிடக்கலாம்.

ஓவசியர் குலவீரசிங்கம்
மோட்டார் சைக்கிளால் இறங்காமலே சொன்னார்:
"மேலிடத்துக் கோல். முதல்ல எழுத்தை அழி.
பிறகு ஆளை."
எந்த ஆளை என்று நான் கேட்கவில்லை.

கதிரையிலிருந்து தொடங்கினேன்.
முதற் பூச்சுக்குப் பிறகும் எல்லாரும் தெரிந்தார்கள்.
இரண்டாவதுக்கு,
பனிக்குள் நிற்பவர்கள்போல் நின்றார்கள்.
மதில் இன்னும் ஈரம், சுண்ணாம்பு பிடிக்கவில்லை.
கைக்குழந்தைக்காரியிடம் வந்தபோது
தூரிகையைக் கொஞ்சநேரம் வாளிக்குள் வைத்தேன்.
கை உளைவு. வேறொன்றுமில்லை.
பிறகு அவளையும்.

தண்ணீரின் முகம் கடைசி.
கீறினவன் அதற்குக் கண் வைக்கவில்லை.
அது கொஞ்சம் உதவியாக இருந்தது.

பொம்மைவெளிக்கு வர இருட்டிவிட்டது.
வாளியில் மிச்சச் சுண்ணாம்பு அரைவாசி.
எங்கள் முன்சுவரில் வெள்ளக்கறை,
எனக்கு மார்பளவு, மரியநேசத்துக்குத் தாடையளவு,
நூல் பிடித்து அடித்ததுபோல் நேர்க்கோடு.
"மிச்சம் கிடக்குதே அப்பா, இதுக்கும் அடியுங்கோவன்"
என்றாள் மூத்தவள்.

மரியநேசம் சட்டியை இறக்கிவிட்டு
சுவருக்குக் குறுக்கே வந்து நின்றாள்.
"விதானையார் இன்னும் வந்து பாக்கேல்லை.
தொடாதேங்கோ.
எங்களிட்ட இருக்கிறது அது ஒண்டுதான்."

வாளியை மூடி
வேலியோரம் வைத்தேன்.
நாளைக்கு அங்கே
மூன்றாம் பூச்சு இருக்கிறது.