செட்டைக்குச் சட்டை

ஜனவரி நடுவில்
எங்கள் கணக்கப்பிள்ளை
உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

பெயர் அப்படித்தான்.
தீன் தட்டுக்குப் பக்கத்தில் நின்று
மற்றவள்கள் தின்பதை எண்ணுகிறவளுக்கு
வேறென்ன பெயர் வைப்பது?

மற்ற நாலும் ஒக்டோபரிலேயே
இறகு கொட்டி, முளைத்து,
பனிக்கு முன் ஒழுங்காகிவிட்டன.
சுவிஸ் கோழிகள். நேரம் தப்பாது.
இவள் மட்டும்
மைனஸ் ஒன்பதில்,
மூன்று ஏரிகளையும் தடவிக்கொண்டு
பீசைக் காற்று இன்ஸ் ஊருக்குள் வந்து
ஆட்களின் காதைத் திருகுகிற கிழமையில்,
கழுத்தும் முதுகும் வெளுக்க
கறிக்கடைக் கொக்கியிலிருந்து
இறங்கி வந்தவள் மாதிரி
கூட்டு வாசலில் நிற்கிறாள்.

பாம்பு கழற்றினால் சட்டை என்கிறோம்.
இவள் கழற்றியதைக்
குப்பை என்று கூட்டி அள்ளினேன்.
ஒரு தலையணைக்குக் காணும்.

அதுவரை நான் பின்னியது
மகளின் தலையை மட்டும்.
பழைய சாமான் கடையில்
ஊசி இரண்டும் ஒரு பிராங்.
கடுகு மஞ்சளில் கம்பளி உருண்டை,
யாரோ பாதியில் கைவிட்டது.
கரட் ஆலையில் ஒன்பது மணி இடைவேளைக்கு
போர்த்துக்கல்காரி ஃபிலொமேனா
ஒரு கண்ணி போட்டுக் காட்டினாள்.
நான் மூன்றைத் தவறவிட்டேன்.
"யாருக்கு? பிள்ளை ஏதும் பிறக்குதா?"
"கோழிக்கு."
கன்வேயர் நின்றாற் போல் ஓர் அமைதி.
பிறகு மேற்பார்வையாளர்கூடச் சிரித்தார்.

கோழிக்குத் தோள் எங்கே தொடங்குகிறது?
அளவு நாடாவைப் புழு என்று நினைத்தாள்,
இருபத்தெட்டாம் சென்ரிமீற்றரில் ஓட்டை.
நெஞ்சுக்கு முப்பத்தாறு.
கழுத்துக்குப் பதினொன்று.
செட்டைக்கு இரண்டு வாசல்.
வாலுக்கு
முடிந்தளவு மரியாதை.

இவர் கதவடியில் நின்று
"மயிலுக்குப் போர்வை குடுத்த பரம்பரை" என்றார்.
"முல்லைக்கு எங்கட ஓப்பலைக் குடுத்திடாதை.
இன்னும் பதினாலு மாசம் கட்டக் கிடக்கு."

ஞாயிறு காலை உடுத்திவிட்டேன்.
அவள் கொக்கரிக்கவில்லை, கொத்தவில்லை.
காலை அகட்டி
பின்பக்கமாக மூன்று எட்டு வைத்து
பொத்தென்று சரிந்து
அப்படியே கிடந்தாள்,
முகவரி எழுதாத மஞ்சள் பார்சல்.
மற்ற நாலும் சுற்றி நின்று பார்த்தன.
ஒருத்தி தொங்கிய நூலை
இழுத்தும் பார்த்தாள்.

தூக்கினேன். கத்தினாள்.
இத்தனை நாளில் நான் கேட்டிராத குரல்.

கழற்றிப் பார்த்தால்
வெறும் தோல் என்று நான் நினைத்தது
வெறுமை இல்லை.
முதுகெங்கும் முள்.
பேனா நிப்புப் போல நீலக் குருத்துகள்,
ஒவ்வொன்றின் அடியிலும் இரத்தம்.
என் கம்பளி அழுத்திய இடத்தில்
ஒன்று உடைந்து
மஞ்சளில் ஒரு சிவப்புப் புள்ளி.

அவள் பாட்டுக்குத் தன் சட்டையைத்
தானே பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள்,
உள்ளேயிருந்து,
சொந்த ஊசிகளால்.
நான் போய் அதன் மேல்
இரக்கத்தை இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

போர்வை கொடுத்தவனைப் பாடியிருக்கிறார்கள்.
போர்வைக்குள் அந்த மயில் என்ன செய்தது என்று
ஒரு வரி தெரியாது எனக்கு.

பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலை.
வைக்கோலை இரண்டு பங்காக்கினேன்.
அவித்த முட்டையை மசித்து, ஓட்டோடு,
அவளுக்கே கொடுத்தேன்
(மற்றவள்கள் போட்டதுதான்; அவளும் எண்ணியிருப்பாள்).
பீசை நுழைகிற பலகை வெடிப்பில்
சட்டையைச் சுருட்டி அடைத்தேன்.
இரவு ரோர்ச் அடித்துப் பார்த்தபோது
நாலு பேருக்கு நடுவே
தலையைக் காணவில்லை. நிம்மதி.

திங்கள் ஆலையில்
கரட் தும்பு கன்னத்தில் ஒட்டியிருக்க
ஃபிலொமேனா கேட்டாள்:
"அளவு சரியா?"

"அச்சொட்டு" என்றேன்.
எதற்கு என்று
அவள் கேட்கவில்லை.